இன்ஜின் திருடியவனுக்கு இரண்டு வருஷம், 40 கோடிக்கு 74 நாளா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். தேவிபட்டினம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுக்கு. கருவாடு காயப்போட்டு விற்கிற பெண்கள் 23 பேர், ராமநாதபுரத்தில் ஆபீஸ் போட்டிருந்த ஒரு நிதி நிறுவனத்தில் பணம் கட்டினோம். லட்சத்துக்கு மாசம் 3,000 வட்டி என்றார்கள். நான் 2023 மார்ச்சில் 2,40,000 கட்டினேன். ஒன்பது மாசம் 7,200 வீதம் வந்தது, அப்புறம் நின்றுபோச்சு. மொத்த வசூல் 40 கோடி என்கிறார்கள். முதலாளியைப் பிடித்தார்கள், 74ஆம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். எங்கள் ஊரில் நாட்டுப்படகு இன்ஜின் திருடிய பையனுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள். இது என்ன நியாயம்? இந்த ஆளுக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தர முடியாதா? எங்களைச் சேர்த்துவிட்ட ஏஜெண்டு என் மதினிதான். அவள் முகத்துக்காக 17 பேர் புகாரே கொடுக்கவில்லை. இப்போது அவள் மூலமாகவே ஆள் வருகிறது: அசலில் நூற்றுக்கு 40 தருவார்களாம், பாண்டைக் கொடுத்துவிட்டு அபிடவிட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். பாண்டையும் கொடுக்காதீர்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லக் காரணம், இதை நீங்கள் படிப்பதற்குள் அந்த ஆள் மறுபடியும் வாசலுக்கு வந்திருக்கலாம். ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்டனைக்கு வருவோம். சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இன்ஜின் திருடியவனைவிட உங்கள் முதலாளிக்குத்தான் தண்டனை கூடுதல். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஏமாற்றிப் பணம் பறித்தால், நீங்கள் பணம் கட்டிய காலத்தில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை. நம் மாநிலத்தில் 1997இல் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், கோர்ட்டு வட்டாரத்தில் டான்பிட் என்பார்கள், அதன் 5ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை. 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தில் (பட்ஸ் சட்டம்) அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்கி, திருப்பித் தராமல் மோசடி செய்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. அபராதம் 5 லட்சத்தில் தொடங்கி, வசூலித்த மொத்தத் தொகையின் இரண்டு மடங்கு வரை போகலாம். இந்தக் ‘குறைந்தது’ என்ற சொல் முக்கியம். டான்பிட்டில் அது இல்லை. நீதிபதி ஒரு வருஷம் கொடுத்தாலும் சட்டப்படி சரி. டான்பிட் அபராதமும் 1 லட்சம் வரைதான். 40 கோடி எடுத்தவனுக்கு 1 லட்சம் அபராதம் என்பது ஐஸ் வாங்குகிற காசு.

ஆகவே உங்கள் குற்றப்பத்திரிகையில் பட்ஸ் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அதிலும் 3ஆம் உட்பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அரசு வழக்கறிஞர் மூலம் சேர்க்கச் சொல்லி மனுப் போட வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பல பேர் சேர்ந்து தொடர்ந்து செய்யும் பொருளாதாரக் குற்றத்துக்கு ஆயுள் வரை இடம் உண்டு. ஆனால் குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டம் எந்த அளவுக்குத் தண்டிக்கச் சொன்னதோ அதற்கு மேல் தண்டிக்க அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு இடம் தராது. 2023இல் வாங்கிய பணத்துக்கு 2024இன் தண்டனை பொருந்தாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது? இன்ஜின் வழக்கில் இன்ஜின் கிடைத்துவிட்டது. அதில் நம்பர் வெட்டியிருக்கிறது, சொந்தக்காரர் அடையாளம் காட்டுகிறார், நாலு சாட்சியில் வழக்கு முடிகிறது. பையனுக்கு ஜாமீன்தாரர் கூடக் கிடைத்திருக்க மாட்டார். நிதி மோசடியில் திருடின பொருள் என்று கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. வங்கிக் கணக்குகளை ஆடிட்டர் வைத்துப் பிரிக்க வேண்டும், நூற்றுக்கணக்கான பேரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும், ஒவ்வொரு பாண்டையும் கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டும். திருப்பூர் பாசி நிறுவன வழக்கைப் பாருங்கள். (நம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற பாசி இல்லை. அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி ஊரை வழித்த கம்பெனி.) 2008-09இல் 930 கோடிக்கு மேல் வசூல். கோவை சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று வருஷம். ஆனால் வந்த தீர்ப்பு சாதாரணமானதல்ல: இரண்டு இயக்குநர்களுக்கும் தலா 27 ஆண்டு சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம்.

அந்த 27ஐக் கவனியுங்கள். 420இலும் டான்பிட்டிலும் 10 ஆண்டுக்கு மேல் இல்லாதபோது 27 எப்படி வந்தது? தனித்தனிக் குற்றங்களுக்கான தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்கச் சொன்னால்தான் அப்படி வரும். பழைய நடைமுறைச் சட்டத்தில் அடிப்படை விதியே அதுதான், ஒன்று முடிந்து ஒன்று. நீதிபதி ‘ஏககாலத்தில்’ என்று எழுதினால் மட்டுமே எல்லாம் ஒன்றாக ஓடும். 2024இல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில், குற்றத்தின் கடுமையைப் பார்த்து இரண்டில் எது என்று நீதிபதியே எழுத வேண்டும். நடைமுறையிலோ அந்தச் சொல் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் பழக்கத்தில் வந்து விழுந்துவிடுகிறது. 10 ஆண்டும் 7 ஆண்டும் அடுத்தடுத்து என்றால் 17, ஏககாலத்தில் என்றால் 10. எத்தனை வருஷம் என்று சண்டை போடுகிறவர்கள் யாரும் இந்த ஒரு சொல்லைப் பார்ப்பதில்லை.

74 நாளைப் பற்றி. ஜாமீன் உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். தகுதி பார்த்துக் கொடுத்ததா, காலக்கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராததால் தானாகக் கிடைத்ததா என்று அதில் இருக்கும். போலீசுக்குக் கெடு வழக்கைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாள். நம்பிக்கை மோசடிக்கான 409ஆம் பிரிவு வழக்கில் இருந்திருந்தால் 90 நாள் கிடைத்திருக்கும், ஏனென்றால் அதற்கு ஆயுள் வரை உண்டு. கெடு தாண்டிய ஜாமீன் என்றால் கோபப்பட வேண்டியது நீதிபதி மேல் அல்ல, அது அவர் மறுக்க முடியாத ஜாமீன். எந்த ஜாமீனாக இருந்தாலும் அது விடுதலை ஆகாது. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது என்பது அநேகமாக எல்லா ஜாமீனிலும் போடுகிற நிபந்தனை. அபிடவிட்டோடு ஆள் அனுப்புவது அந்த நிபந்தனைக்குள் வருமா வராதா என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கேட்க அதுதான் கைமுதல்.

ஆயுள் தண்டனை கேட்கிறீர்கள். 409இல் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடியவனுக்கு. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கினான் என்பது 420. ஒரே பணத்துக்கு இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருக்கிற பிரிவையெல்லாம் போடச் சொல்லி ஸ்டேஷனில் வற்புறுத்துவது நம் ஊர்ப் பழக்கம்; எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதல் ஓட்டையாகப் பிடிப்பார். உங்கள் வழக்குக்கு வலுவானது 420, டான்பிட் 5, பட்ஸ் 21. இவற்றை நின்று நிரூபித்தாலே போதும்.

எது நியாயமான தண்டனை என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இதே மாதிரி முதலீட்டு மோசடி செய்த மேடாஃப் என்பவருக்கு 2009இல் 150 ஆண்டு போட்டார்கள். அவர் 2021இல் சிறையிலேயே இறந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் உருப்படியாக நடந்தது வேறு. நீதிமன்றம் நியமித்த ஒருவர், யார் யாருக்குப் பணம் போனது என்று துரத்தித் துரத்தி 1,400 கோடி டாலருக்கு மேல் மீட்டார். இங்கே சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் கணக்கு மோசடி வழக்கில் நிறுவனர் 2009 ஜனவரியில் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். தீர்ப்பு 2015 ஏப்ரலில், 7 ஆண்டு. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன். தாளில் இருக்கிற ஆண்டுக்கும் உள்ளே இருக்கிற ஆண்டுக்கும் இடையில் இப்படி எத்தனையோ வாசல்கள். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாள்கள் வேறு கழியும். அதனால் பெரிய எண்ணைக் கேட்பதைவிட, எந்த எண் நிஜமாக நிறைவேறும் என்று கேட்க வேண்டும்.

என் கணக்கில், ஆரம்பத்திலேயே ஏமாற்றத் திட்டமிட்டவனுக்கு 7 முதல் 10 ஆண்டு, சிறைக்குள் கழிக்கிற ஆண்டாகவே, நியாயம். தொழில் நொடித்துப்போய்த் தர முடியாதவனுக்குச் சிறை வேண்டாம். அவன் கடன்காரன், திருடன் அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமமும் அல்ல. 40 கோடிக்கு மாசம் 3 சதவீதம் என்றால் மாசாமாசம் 1 கோடியே 20 லட்சம் வட்டிக்கே வேண்டும். அந்த லாபம் தந்த தொழில் எது? படகா, பண்ணையா, ஏற்றுமதியா? ஒன்றும் இல்லாமல், புதிதாகக் கட்டியவர் பணத்திலிருந்து பழையவருக்கு வட்டி போயிருந்தால் முதல் மாதமே மோசடிதான். வட்டி நிற்பதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில் சொத்துகள் மனைவி, மச்சினன் பேருக்கு மாறியிருந்தால் எண்ணத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லும் காரணங்கள் எல்லா வழக்கிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் குற்றம், ஊரில் மரியாதையான குடும்பம், கோயில் திருப்பணி செய்தவர், இருதய நோய். நோய்க்குச் சிறையில் வைத்தியம் பார்க்க ஏற்பாடு இருக்கிறது. முதல் குற்றம் என்பது இன்ஜின் திருடிய பையனுக்குப் பொருந்தும். ஆயிரம் பேரிடம் ஆயிரம் தடவை பொய் சொன்னவனுக்கு எது முதல்? மரியாதையான குடும்பம் என்பது இன்னும் மோசம். அந்த மரியாதையைப் பார்த்துத்தானே பணம் கொடுத்தீர்கள்? பூட்டு உடைத்த கடப்பாறையைக் காட்டி யாரும் கருணை கேட்பதில்லை. ஆனால் ஒரு காரணத்தை நானே ஏற்பேன்: விசாரணை தொடங்கும் முன்பே, வற்புறுத்தாமல், கணக்கைத் திறந்துவைத்துப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டினால் தண்டனை கணிசமாகக் குறையலாம். குறையத்தான் வேண்டும், இல்லையென்றால் எவனும் திருப்பிக் கட்ட மாட்டான்.

இனி அந்த 17 பேர். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். சென்னையில் ஆபீசில் உட்கார்ந்து யாரோ 40 கோடி என்று பேசிக்கொள்ளலாம். நீதிபதி முன்னால் இருப்பது குற்றப்பத்திரிகையில் பேரோடும் தொகையோடும் நிரூபிக்கப்பட்ட பணம் மட்டுமே. உங்கள் தெருவில் 23 பேர் கட்டியிருந்தும் 6 பேர் புகார் கொடுத்தால், உங்கள் தெருவின் இழப்பு 6 பேரின் இழப்புதான். மற்ற 17 பேர் கட்டவே இல்லை என்று அர்த்தம். தண்டனையின் ஆண்டும் அபராதமும் அந்தச் சின்னக் கணக்கின் மேல்தான் நிற்கும். சொத்தை ஏலம் போட்டுப் பணத்தைப் பிரிக்கும்போதும் பட்டியலில் பேர் இல்லாதவருக்குச் சல்லிக்காசு கிடையாது. முதலாளிக்குக் கிடைக்கிற பெரிய தள்ளுபடி நீதிபதி தருவதல்ல, உங்கள் தெருவில் வாய் திறக்காதவர்கள் தருவது.

உங்கள் மதினிக்காகப் பயப்படுகிறார்கள். அவரும் தன் பணத்தைப் போட்டு ஏமாந்திருந்தால், எவ்வளவு கமிஷன் வாங்கினார் என்பதைப் பாஸ்புக்கோடு ஒப்படைத்து உண்மையைச் சொன்னால், சாட்சியாக நிற்க வாய்ப்பு உண்டு. மோசடி என்று தெரிந்த பிறகும் ஆள் சேர்த்திருந்தால் வாய்ப்பு குறைவு. இப்போது அவர் அபிடவிட்டோடு வீடு வீடாகப் போவதுதான் அவருக்கே ஆபத்து. சாட்சியைக் கலைப்பவராக அவர் பேர் வரும். இதை அவரிடம் நீங்களே பேசுங்கள், நேற்றுவரை ஒரே பந்தலில் கருவாடு உலர்த்தியவர்கள்தானே.

புகார் எழுதும்போது கதை வேண்டாம். கட்டிய தேதி, தொகை, ரொக்கமா வங்கியா ஜிபேயா, யார் கையில், எந்த இடத்தில், ரசீது எண், வந்த வட்டி எத்தனை மாதம் எவ்வளவு, நின்ற மாதம். ஒவ்வொருவரும் தனித்தனியாக. 23 பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனு என்றால் முதல் கையெழுத்துக்காரர் புகார்தாரர் ஆவார், மற்றவர்கள் பின்னிணைப்பாகிவிடுவார்கள். தொகையில் நேர்மை முக்கியம். நீங்கள் கட்டியது 2,40,000, வாங்கியது 64,800, மீதி 1,75,200. வரவேண்டிய வட்டியையும் சேர்த்து 5 லட்சம் என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் மொத்த சாட்சியமும் ஆட்டம் காணும். மேடாஃப் வழக்கிலும் போட்டது கழித்தல் எடுத்தது என்றுதான் கணக்குப் பார்த்தார்கள்.

ரொக்கமாகக் கட்டினோம், வருமான வரிக்காரன் கேட்பானே என்று சிலர் தயங்குவார்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக டெபாசிட் வாங்கியவனுக்குத்தான் அந்தச் சட்டத்தில் அபராதம், கொடுத்தவருக்கு அல்ல.

பாண்டு என்று கொடுத்திருப்பார்களே, அதை எடுத்து உற்றுப் பாருங்கள். ‘டெபாசிட்’ என்ற சொல்லே அநேகமாக இருக்காது. ‘வணிக ஒப்பந்தம்’, ‘பங்குதாரர் பத்திரம்’, வட்டிக்குப் பதில் ‘ஊக்கத்தொகை’ என்று எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், பேரை வைத்து அல்ல, திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினானா என்பதை வைத்துத்தான் சட்டம் பார்க்கிறது. கம்பெனிப் பதிவுச் சான்றிதழின் நகலைக் காட்டி ‘கவர்மெண்டு அனுமதி’ என்று சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கம்பெனியைப் பதிவுசெய்வது வேறு, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி வேறு.

அப்புறம் ரசீது. சின்ன மிஷினில் அச்சாகி வருகிற வழவழப்பான தாள் என்றால் அது சூட்டில் அச்சாவது. வெயிலும் ஈரமும் பட்டால் எழுத்து மங்கி ஒரு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். இன்றைக்கே நகல் எடுங்கள், போட்டோவும் எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். பாண்டையும் லேமினேஷன் போட வேண்டாம். கையெழுத்தைச் சோதிக்க அனுப்ப வேண்டி வந்தால் அது தடை. ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிடுங்கள், நம் கரை உப்புக்காற்றில் துருவேறி, பேர் எழுதிய மூலையையே தின்றுவிடும். ஜிபே என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், வங்கி முத்திரையோடு ஸ்டேட்மெண்ட். வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள், போனை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அச்செடுத்த செய்தியை மட்டும் கொடுத்தால் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் அதோடு வேண்டும். அசல் ஆவணத்தை யாரிடம் ஒப்படைத்தாலும், போலீஸ் என்றாலும், பட்டியல் போட்டு ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.

புகாருக்குப் பிறகு பணம் வருவது சிறைத்தண்டனை வழியாக அல்ல, சொத்து முடக்கம் வழியாக. பொருளாதாரக் குற்றப்பிரிவு சொத்தைக் கண்டுபிடிக்கும், அரசாணை மூலம் முடக்கம் நடக்கும், மாவட்ட வருவாய் அலுவலர் அதை உறுதிசெய்யக் கேட்டு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போவார், பிறகுதான் ஏலம். உங்களுக்கு அது மதுரை நீதிமன்றம். இதில் சறுக்குவது முதல் படியில். பினாமி பேரில் இருக்கிற இறால் பண்ணையும் விசைப்படகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மனையும் மதுரையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஊர், சர்வே எண், படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண், யார் பேரில், எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து, வட்டி நிற்பதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து நடந்த கைமாற்றங்களைக் குறியுங்கள். மோசடியாக வேறு பேருக்கு மாற்றிய சொத்தையும் முடக்க டான்பிட் 8ஆம் பிரிவு வழிசெய்கிறது. பட்டியலை வருவாய் அலுவலரிடம் கொடுத்து, நகலைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு அனுப்புங்கள். வங்கியில் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிற சொத்து உங்கள் கைக்கு வருவது கடினம், அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

இப்போது 40 சதவீதம். உங்களுக்கு அது 96,000. அபிடவிட்டில் என்ன எழுதியிருக்கும் என்றால், ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், புகார் தவறான புரிதலால் கொடுத்தது’ என்றுதான். அதில் கையெழுத்துப் போட்ட நிமிஷம் நீங்கள் பட்டியலிலிருந்து வெளியே. நாளைக்குச் சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி, பொய்ச் சாட்சி வழக்கும் வரலாம். சமரசமே கூடாது என்று சொல்லவில்லை. டான்பிட் சட்டத்தில் சமரசத்துக்கு 5-ஏ பிரிவு இருக்கிறது, ஆனால் உரிய அதிகாரி வழியாக, வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் அதன் அனுமதியோடு. பொதுமக்களைப் பாதிக்கும் பொருளாதாரக் குற்றத்தை, தனியே சமாதானம் ஆகிவிட்டது என்பதற்காக ரத்து செய்வதில்லை என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆக, தர மனசிருந்தால் நீதிமன்றத்தில் கட்டட்டும். வங்கி மூலம் பணம் வந்தால் ‘பகுதித் தொகை, மீதி பாக்கி’ என்று எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து, ரேகை எதுவும் வேண்டாம். செக் கொடுத்து அது திரும்பினால், வங்கி தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நாள் தவறினால் செக் வழக்கு போய்விடும்.

தீர்ப்பு நாளில் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. குற்றவாளி என்று அறிவித்த பிறகு, எவ்வளவு தண்டனை என்று தனியாக வாதம் கேட்பார்கள். பாதிக்கப்பட்டவர் தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் உரிமை இல்லை. விடுதலை செய்தாலோ, சின்னக் குற்றமாகக் குறைத்தாலோ, இழப்பீடு குறைந்தாலோ செய்யலாம். தண்டனை குறைவு என்று போக வேண்டியது அரசு. அதனால் சொல்ல வேண்டியதை அன்றைக்கே, சிறப்பு அரசு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சாபம் எழுதாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வட்டிப் பணம் இல்லாமல் எந்த நகை எந்தத் தேதியில் அடகுக்குப் போனது, அடகுச் சீட்டின் நகல்; பிள்ளையின் படிப்பு நின்றதென்றால் கல்லூரியின் கடிதம். இப்படித் தாளோடு ஒரு பக்கம். கூடவே இரண்டு கோரிக்கை. ஒன்று, தண்டனைகளை ஏககாலத்தில் என்று போட வேண்டாம். இரண்டு, அபராதத் தொகையிலிருந்து இழப்பீடு கொடுக்கத் தனி உத்தரவு வேண்டும் (பழைய நடைமுறைச் சட்டத்தில் 357, புதியதில் 395). அபராதம் கட்டாமல் அதற்கான கூடுதல் சிறையை இருந்து கழித்துவிட்டால், பிறகு வசூலிக்க நீதிமன்றம் தனிக் காரணம் எழுத வேண்டியிருக்கும். இழப்பீட்டு உத்தரவு இருந்தால் அந்தத் தடை இல்லை, உள்ளே இருந்தாலும் வசூலிக்கலாம்.

வக்கீல் செலவுக்குக் கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு தாளில் மனுக் கொடுத்தால் போதும், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

அந்த 17 பேரும் ‘நாள் கடந்துவிட்டதே’ என்பார்கள். கடக்கவில்லை. 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. குற்றப்பத்திரிகை போட்ட பிறகும் மேல்விசாரணை நடத்தி, கூடுதல் அறிக்கையில் அவர்கள் பேரைச் சேர்க்கலாம். ஆனால் சாட்சி விசாரணை ஓட ஆரம்பித்த பிறகு சேர்ப்பது நாளுக்கு நாள் சிக்கலாகும். அடுத்த வாய்தாத் தேதியை விசாரித்துக்கொண்டு, அதற்கு முன்னால் 17 மனுவும் பொருளாதாரக் குற்றப்பிரிவில் ஒப்புகையோடு ஏறிவிடட்டும். உங்கள் மதினியின் வசூல் நோட்டு இருக்குமே, யார் யார் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதியது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் இன்று ராத்திரியே போட்டோ எடுத்துவிடுங்கள்.